வெப்பநிலை எல்லைக் கட்டுப்படுத்தி

வெப்பநிலை எல்லைக் கட்டுப்படுத்தி என்பது, சூடேற்றும் கருவி ஒன்றின் வெப்பநிலை முன்னரே குறித்து வைத்த ஓர் எல்லையைத் தாண்டும்போது, அக்கருவிக்குச் செல்லும் மின்சாரத்தையோ எரிபொருளையோ துண்டித்து, ஒருவர் நேரில் வந்து மீட்டமைக்கும் வரை அதே நிலையில் நிறுத்தி வைக்கும் பாதுகாப்புக் கருவி ஆகும். தொழிலக உலைகள், உலர்த்தும் அடுப்புகள், சாயத் தொட்டிகள், வெப்ப எண்ணெய்ச் சூடேற்றிகள், நெகிழி வார்ப்பு எந்திரங்கள் முதலியவற்றில் இது பயன்படுகிறது.

வெப்பநிலையைச் சீராக வைத்திருப்பது இதன் பணி அன்று. அப்பணியை வெப்பநிலைக் கட்டுப்படுத்தி என்னும் வேறொரு கருவி செய்கிறது. அக்கருவி பழுதாகும் நாளில் செயற்படுவதற்காகவே எல்லைக் கட்டுப்படுத்தி பொருத்தப்படுகிறது. எனவே இவ்விரண்டும் உணரி, மின்சுற்று, துண்டிக்கும் சாவி ஆகிய எதிலும் ஒன்றையொன்று சாராதிருத்தல் இத்துறையின் அடிப்படை விதியாகும்.

அன்றாட எடுத்துக்காட்டுகள்

இவ்விரு பணிகளின் வேறுபாட்டை வீட்டுச் சமையலறையிலேயே காணலாம். அழுத்தச் சமையற்கலனின் மூடியில் உள்ள எடை, உள்ளழுத்தம் ஓர் அளவை எட்டியதும் உயர்ந்து நீராவியை வெளிவிடுகிறது. அழுத்தம் குறைந்ததும் மீண்டும் அமர்கிறது. இது கட்டுப்படுத்தியின் பணி. அதே மூடியில், தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் உலோகக் கலவையால் ஆன பாதுகாப்பு அடைப்பான் ஒன்றும் இருக்கும். நீராவி செல்லும் துளை அடைபட்டாலோ நீர் முற்றிலும் வற்றினாலோ அந்த உலோகம் உருகி வழிவிடுகிறது. அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. புதிய அடைப்பானைப் பொருத்தினால்தான் கலனை மீண்டும் பயன்படுத்த இயலும். இது எல்லைக் கட்டுப்படுத்தியின் பணி.

கீசர் எனப்படும் மின் சுடுநீர்க் கலனிலும், நீரின் சூட்டைப் பேணும் தெர்மோசுட்டாட்டுடன், அது செயலிழந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி வெப்பத் துண்டிப்பானும் உள்ளது. இந்திய வீடுகளில் பயன்படும் இத்தகைய கலன்களுக்கான தரநிலை ஐ.எஸ். 2082 ஆகும்.

தேவை

வெப்பநிலைக் கட்டுப்படுத்தி உணரியின் அளவீட்டைக் கொண்டே முடிவெடுக்கிறது. அளவீடு தவறானால் முடிவும் தவறாகும். முடிவு சரியாக இருந்தாலும், அதை நிறைவேற்றும் சாவி பழுதாகலாம். சூடு கட்டுக்கடங்காமல் உயர்வதற்கான பொதுவான காரணங்கள் பின்வருமாறு:

- உணரி அதன் இடத்திலிருந்து நழுவி வெளியே வந்துவிடுதல். அறையின் வெப்பநிலையைக் காணும் கட்டுப்படுத்தி, தொட்டி குளிர்ந்திருப்பதாகக் கொண்டு மேலும் சூடேற்றும்.
- உணரியின் கம்பிகள் வழியில் ஓரிடத்தில் ஒன்றோடொன்று உரசிக் குறுக்குச்சுற்று ஏற்படுதல். வெப்பமின் இரட்டையில் இவ்வாறு நேர்ந்தால், அது உலையின் வெப்பநிலைக்கு மாறாக அந்த உரசும் இடத்தின் வெப்பநிலையைக் காட்டும்.
- வெப்பமின் இரட்டையின் கம்பிகளை இடம் மாற்றி இணைத்தல். அப்போது உலை சூடேறச் சூடேற அளவீடு குறைந்துகொண்டே செல்லும்.
- காண்டாக்டரின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளுதல்.
- திண்மநிலை ரிலே பழுதாதல். இவ்வகை ரிலேக்கள் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தும் நிலையிலேயே பழுதாகின்றன. கட்டுப்படுத்தி அணைக்கச் சொன்னாலும் சூடேற்றி அணையாது.
- இயக்குபவர் இலக்கு வெப்பநிலையைத் தவறாகப் பதித்தல்.

இவற்றுள் முதல் மூன்றிலும் கட்டுப்படுத்தியின் முகப்பில் கூடுதல் சூடு தெரியாது. அடுத்த இரண்டில் அது தெரிந்தாலும், கட்டுப்படுத்தியால் ஒன்றும் செய்ய இயலாது. பல கட்டுப்படுத்திகளில் எச்சரிக்கை வெளியீடு ஒன்று உடன் தரப்படுகிறது. ஆனால் அந்த எச்சரிக்கையும் அதே உணரியையும் அதே நுண்செயலியையும் நம்பியிருப்பதால், அதனை எல்லைக் கட்டுப்படுத்திக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

காஞ்சிபுரப் பட்டு நூல் பதப்படுத்தலில்

சமணக் காஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம் உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெசவுக்கு வரும் பட்டு நூல், தறிக்குச் செல்லுமுன் இருமுறை சூடான நீரைக் காண்கிறது. முதலாவது பசைநீக்கம். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு செரிசின் என்னும் பசைப்பொருளாகும். சவர்க்காரமும் சோடாவும் கலந்த, கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டிலுள்ள நீரில் நூலைத் தோய்த்து இதனை நீக்குகின்றனர். எஞ்சும் ஃபைப்ராயின் என்னும் புரதமே பட்டின் பளபளப்புக்கும் வலிமைக்கும் காரணம். இரண்டாவது சாயமிடல். பட்டுக்குரிய அமிலச் சாயங்களும் இதனையொத்த சூட்டிலேயே நூலில் ஏறுகின்றன.

சூடு குறைந்தால் பசை முழுமையாக நீங்காது. சாயம் சீராகப் பிடிக்காது. சூடு மிகுந்து நீர் கொந்தளித்தால் இழைகள் சிக்கிப் பளபளப்பு மங்கும். காரக் கரைசலில் நெடுநேரம் மிகைச் சூட்டில் கிடந்தால் ஃபைப்ராயினே சிதையத் தொடங்கும். மரபான முறையில் கொப்பரையின் அடியில் விறகு எரித்து, கோல்களில் கோத்த சிட்டங்களைத் திருப்பிக்கொண்டே இருக்கும் சாயத் தொழிலாளியே உணரியாகவும் கட்டுப்படுத்தியாகவும் எல்லைக் காவலாகவும் இருந்தார். விறகை வெளியே இழுப்பதே அங்கு துண்டிப்பு. மின்சூடேற்றியோ நீராவியோ பயன்படும் தொட்டியில் இப்பணிகள் கருவிகளிடம் செல்கின்றன. ஆள் அருகில் இல்லாமலேயே தொட்டி சூடேறும் நிலை அப்போது ஏற்படுகிறது.

இதனால் நேரக்கூடியதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 100 லிட்டர் நீர் கொண்ட திறந்த தொட்டியில் 6 கிலோவாட் சூடேற்றி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வெப்ப இழப்பைக் கணக்கில் சேர்க்காவிடில், 30 பாகை செல்சியசிலுள்ள நீர் 90 பாகையை எட்ட ஏறத்தாழ 70 நிமிடங்கள் ஆகும். மாலையில் வேலை முடியும்போது திண்மநிலை ரிலே பழுதாகிச் சூடேற்றி அணையாமல் போனால், அடுத்த 12 நிமிடங்களில் நீர் 100 பாகையை அடைந்து கொதிக்கத் தொடங்கும். அதன் பின் சூடு உயராது, நீர் ஆவியாகும். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக 2257 கிலோசூல் ஆற்றல் தேவை என்பதால், மணிக்கு ஏறத்தாழ 9.5 லிட்டர் குறையும். ஏழு மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர் போய்விடும். சூடேற்றி நீர்மட்டத்திற்கு மேல் வந்ததும், அதன் வெப்பத்தை ஏற்க நீர் இல்லாததால், உறைக்குழாய் சில நிமிடங்களில் பல நூறு பாகைக்குச் சூடேறிவிடும். வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருக்குமிடத்தில், இந்த நேரம் குடும்பம் உறங்கும் நேரமாகும்.

இத்தொட்டியில் எல்லைக் கட்டுப்படுத்தி ஒன்று 97 பாகையில் அமைக்கப்பட்டிருந்தால், ரிலே பழுதான பத்து நிமிடங்களுக்குள் அது காண்டாக்டரைத் திறந்திருக்கும். நீர் கொதிக்கும் நிலையே வந்திருக்காது.

செயற்படும் முறை

எல்லைக் கட்டுப்படுத்தி அமைப்பில் நான்கு உறுப்புகள் உள்ளன.

- உணரி: வெப்பநிலையை மின் அல்லது இயந்திரக் குறிப்பாக மாற்றுவது.
- ஒப்பிடும் பகுதி: அக்குறிப்பைப் பதித்து வைத்த எல்லையுடன் ஒப்பிடுவது.
- பூட்டும் ரிலே: எல்லை மீறியதும் திறந்து, சூடு தணிந்த பின்னரும் திறந்தே இருப்பது.
- துண்டிக்கும் காண்டாக்டர் அல்லது எரிபொருள் அடைப்பிதழ்: ஆற்றலை உண்மையில் நிறுத்துவது.

துண்டிக்கும் காண்டாக்டர், அன்றாடம் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சாவியுடன் தொடராக இணைக்கப்படும். இரண்டில் எது திறந்தாலும் சூடேற்றிக்கு மின்சாரம் செல்லாது. அன்றாடச் சாவி நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை இயங்கித் தேய்கிறது. எல்லைக் காண்டாக்டரோ பழுது நேரும்போது மட்டுமே திறக்க வேண்டியது. ஆகவே அதன் தொடுமுனைகள் எளிதில் தேய்வதில்லை.

ரிலேயின் கம்பிச்சுருள், எல்லாம் நலமாக உள்ளபோது மின்னூட்டம் பெற்றிருக்கும்படி அமைக்கப்படுகிறது. கம்பி அறுந்தாலும், கட்டுப்படுத்திக்கு மின்சாரம் நின்றாலும், ரிலே தானே விடுபட்டுச் சூடேற்றியை நிறுத்தும். உணரி அறுந்தால் மிக உயர்ந்த வெப்பநிலை என்று கொள்ளும்படி ஒப்பிடும் பகுதி அமைக்கப்படுகிறது. பழுது எதுவாயினும் விளைவு சூடு நிற்பதாகவே இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

தானாக மீளாமை இக்கருவியின் மற்றொரு முதன்மைப் பண்பு. எல்லைக் கட்டுப்படுத்தி துண்டித்து நிற்பதைத் தொழிற்கூடங்களில் டிரிப் ஆதல் என்பர். சூடு தணிந்ததும் தானாக இணையும்படி இருந்தால், பழுதான கட்டுப்படுத்தியும் எல்லைக் கட்டுப்படுத்தியும் மாறிமாறி இயங்கி, தொட்டி மணிக்கணக்கில் எல்லையை ஒட்டியே கிடக்கும். பழுது யாருக்கும் தெரியாது. கையால் மீட்டமைக்க வேண்டியிருப்பதால், ஒருவர் அங்கு வந்து காரணத்தைத் தேட வேண்டிய கட்டாயம் உண்டாகிறது. வெப்பநிலை எல்லைக்குக் கீழே இறங்கும் முன் மீட்டமைவுப் பொத்தானை அழுத்தினாலும் பயனிராது.

உணரி வகைகள்

தெர்மோகப்பிள் எனப்படும் வெப்பமின் இரட்டை, இரு வேறு உலோகக் கம்பிகள் சேரும் இடத்தின் சூட்டுக்கேற்ப மின்னழுத்தம் தருவது. குரோமெல், அலுமெல் கலவைகளால் ஆன கே வகை இரட்டை 100 பாகையில் ஏறத்தாழ 4.1 மில்லிவோல்ட்டு தரும். இது உயர்வெப்ப உலைகளுக்கு ஏற்றது.

பிளாட்டின மின்தடை உணரி, சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் தன்மையைப் பயன்படுத்துகிறது. பிடி 100 என்னும் வகை 0 பாகையில் 100 ஓம், 100 பாகையில் 138.5 ஓம் தடை கொண்டது. சாயத் தொட்டி போன்ற தாழ்வெப்பப் பணிகளில் துல்லியம் மிக்கது.

நுண்குழாய் வகையில், நீர்மம் நிரம்பிய குமிழ் ஒன்று சூட்டில் விரிந்து, நுண்குழாய் வழியே ஒரு சாவியை இயந்திர முறையில் திறக்கிறது. இதற்கு மின்னணுச் சுற்று தேவையில்லை. நீர்மம் கசிந்துவிட்டால் சாதாரண நுண்குழாய்ச் சாவி மூடியே இருக்கும் என்பதால், பாதுகாப்புப் பணிக்கெனச் செய்யப்படுபவை கசிவு நேர்ந்தால் திறக்குமாறு வடிவமைக்கப்படுகின்றன.

உணரியை வைக்கும் இடம்

எல்லைக் கட்டுப்படுத்தி தன் உணரி இருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே அறியும். மேற்கண்ட தொட்டியில் உணரி நீரின் மேல்மட்டத்திற்கு அருகில் இருந்தால், நீர் குறையும்போது அது காற்றில் தொங்கும். காற்று கொதிநீரை விடக் குளிர்ந்தது. ஆகவே சூடேற்றி தகிக்கும் வேளையில் உணரி குறைந்த வெப்பநிலையைக் காட்டும். இதனாலேயே மின்சூடேற்றித் தொட்டிகளில் நீருக்கு ஓர் எல்லை உணரியும், சூடேற்றியின் உறைக்குழாயிலேயே பொருத்திய மற்றோர் எல்லை உணரியும் பரிந்துரைக்கப்படுகின்றன.

உணரியின் இடம் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதற்கு விசாகப்பட்டின நிகழ்வு சான்றாகும். 2020 ஆம் ஆண்டு மே 7 அன்று அங்குள்ள எல்.ஜி. பாலிமர்சு ஆலையின் சேமிப்புத் தொட்டியிலிருந்து சுடைரீன் ஆவி வெளியேறியதில் 12 பேர் உயிரிழந்தனர். அது சூடேற்றும் கருவி அன்று; குளிர்ச்சியாக வைக்க வேண்டிய தொட்டி. தேங்கிய சுடைரீன் தானே வினைபுரிந்து சூடேறியது. ஆந்திரப் பிரதேச அரசு அமைத்த உயர்நிலைக் குழு, தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே வெப்பநிலை அளக்கப்பட்டதையும், நடு, மேல் அடுக்குகளின் சூட்டை அறிய வழியில்லாதிருந்ததையும் சுட்டிக்காட்டியது. அடியில் இருந்த அளவி காட்டியது மேலடுக்கின் நிலையை அன்று.

பிற தொழில்களில்

வெப்ப எண்ணெய்ச் சூடேற்றிகள் துணி பதப்படுத்தும் ஆலைகளில் மிகுதியாகப் பயன்படுகின்றன. இவற்றில் குழாய்ச் சுவரை ஒட்டிய எண்ணெய்ப் படலம், ஓடும் எண்ணெயை விடச் சூடாக இருக்கும். எக்கி நின்றுவிட்டால் குழாய்ச் சுருளில் தேங்கிய எண்ணெய் கரியாகும். ஆனால் வெளிவாயிலில் உள்ள உணரிக்கு அச்சூடு வந்து சேராது. ஆகவே இங்கு எல்லைக் கட்டுப்படுத்தியுடன், ஓட்டம் நின்றால் எரிப்பானை நிறுத்தும் சாவியும் தேவை.

வண்ணப்பூச்சு உலர்த்தும் அடுப்புகளில் கரைப்பான் ஆவி காற்றில் கலந்திருப்பதால், மிகைச் சூடு தீவிபத்துக்கு வழிவகுக்கும். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் உள்ளவை போன்ற தானுந்து ஆலைகளில் இத்தகைய அடுப்புகள் உற்பத்தி வரிசையின் இன்றியமையாத பகுதியாகும்.

கொதிகலன்களில் உருகு அடைப்பான் என்னும் பழைய வகை எல்லைக் காவல் உள்ளது. நீர்மட்டம் தாழ்ந்து உலோகத் தகடு வெறுமையாகும்போது, அதிலுள்ள வெள்ளீயம் அல்லது ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். வெள்ளீயத்தின் உருகுநிலை 232 பாகை. ஈயத்தின் உருகுநிலை 327 பாகை.

வரலாறு

சூட்டைத் தானே சீராக்கும் உலையை 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரான கொர்னேலியுசு திரெபெல் அமைத்தார். நீர்மத்தின் விரிவைக் கொண்டு உலையின் காற்றுவழியை மூடித் திறக்கும் அமைப்பு அது. 1803 ஆம் ஆண்டில் கிரீனிச்சில் தமது கொதிகலன் ஒன்று வெடித்ததைத் தொடர்ந்து, ரிச்சர்டு திரெவித்திக் உருகு அடைப்பானைப் பயன்படுத்தத் தொடங்கினார். சூட்டைச் சீராக்கும் கருவியும் சூட்டைத் துண்டிக்கும் கருவியும் இவ்வாறு தொடக்கத்திலேயே இரு வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. 1821 ஆம் ஆண்டில் தாமசு சீபெக் வெப்பமின் விளைவைக் கண்டறிந்தார். 1830 ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ யூர் ஈருலோகப் பட்டையால் ஆன தெர்மோசுட்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நுண்செயலிகள் பரவிய பின் எண்முகப்புக் கொண்ட எல்லைக் கட்டுப்படுத்திகள் வழக்குக்கு வந்தன.

தரநிலைகளும் சட்டமும்

ஐரோப்பிய ஈ.என். 14597 தரநிலை, சூடு தணிந்ததும் தானே மீளும் வெப்பநிலைக் கண்காணிப்பியையும், பூட்டிக்கொண்டு கையால் மீட்டமைக்க வேண்டிய வெப்பநிலை எல்லையியையும் வேறுபடுத்துகிறது. அமெரிக்காவில் எஃப்.எம். நிறுவனத்தின் 3545 என்னும் ஒப்புதல் வகை எல்லைச் சாவிகளுக்குரியது. அந்நாட்டின் என்.எஃப்.பி.ஏ. 86 தரநிலை தொழிலக அடுப்புகளையும் உலைகளையும் பற்றியது.

இந்தியாவில் கொதிகலன்கள் 1923 ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டத்தின் கீழ் இருந்தன. அதற்கு மாற்றாக 2025 ஆம் ஆண்டில் புதிய கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டங்கள் அழுத்தத்தில் நீராவி உண்டாக்கும் கலன்களுக்கானவை. திறந்த சாயத் தொட்டி அழுத்தக் கலன் அன்று என்பதால் அவற்றின் வரம்புக்குள் வராது. ஆகவே சிறு பட்டறையின் தொட்டிக்கு எல்லைக் கட்டுப்படுத்தி பொருத்துவது கொதிகலன் ஆய்வாளரின் பார்வைக்கு வருவதில்லை. பட்டறை உரிமையாளரும் கருவியை அமைப்பவரும் எடுக்கும் முடிவையே அது பொறுத்துள்ளது.

எல்லையைத் தேர்தலும் சோதனையும்

எல்லை வெப்பநிலை, இயல்பான வேலையில் எட்டும் உச்சச் சூட்டுக்கு மேலும், கருவியோ பொருளோ கெடும் சூட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். இலக்கு 92 பாகையாக உள்ள தொட்டியில் எல்லையை 93 பாகையில் வைத்தால், சிறு ஏற்ற இறக்கத்திற்கும் அது துண்டிக்கும். அடிக்கடி காரணமின்றித் துண்டிக்கும் கருவியைப் பணியாளர்கள் கம்பியால் குறுக்கிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடுவர். டைரக்ட் கொடுத்தல் எனத் தொழிற்கூட வழக்கில் கூறப்படும் இச்செயலே, எல்லைக் கட்டுப்படுத்தி இருந்தும் விபத்து நேர்வதற்கான காரணங்களுள் ஒன்று. எல்லையை 100 பாகைக்கு மேல் வைத்தாலோ, திறந்த தொட்டியின் நீர் அச்சூட்டை எட்டவே எட்டாது. கருவி இருந்தும் பயனில்லை.

பல ஆண்டுகள் இயங்காமல் இருப்பதே இக்கருவியின் இயல்பு என்பதால், அது பழுதானதும் வெளியே தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பின்வருமாறு சோதித்தல் வேண்டும்:

- கருவி வேலைச் சூட்டில் இருக்கும்போது எல்லையைப் படிப்படியாகக் குறைத்து, துண்டிக்கும் வெப்பநிலையை வேறொரு நம்பகமான வெப்பமானியுடன் ஒப்பிடுதல்.
- உணரியின் கம்பியைக் கழற்றி, உடனே துண்டிக்கிறதா எனக் காணுதல்.
- விளக்கு எரிவதை மட்டும் நம்பாமல், காண்டாக்டர் உண்மையில் திறந்து சூடேற்றிக்கு மின்னோட்டம் நின்றதை அளவியால் உறுதி செய்தல்.
- சோதனைக்குப் பின் எல்லையைப் பழைய அளவுக்குத் திருப்பி, அதனைக் குறித்து வைத்தல்.

குறைபாடுகள்

எல்லைக் கட்டுப்படுத்தி ஆற்றலை நிறுத்துமே தவிர, ஏற்கெனவே சேர்ந்துள்ள வெப்பத்தை அகற்றாது. விறகு, நிலக்கரி போன்ற திண்ம எரிபொருள் உலைகளில் காற்றை அடைத்த பின்னரும் தணல் சூடு தந்துகொண்டிருக்கும் என்பதால், அங்கு குளிர்விக்கும் ஏற்பாடு தனியாகத் தேவை. பொருளின் தரத்தைக் காப்பதும் இதன் பணி அன்று. 97 பாகையில் துண்டிக்கும் முன்பே பட்டின் சாயம் கெட்டிருக்கலாம். நீர்மட்டச் சாவி, மின்கசிவுத் துண்டிப்பான், முறையான நில இணைப்பு ஆகியவற்றுக்கும் இது மாற்றாகாது.